அவநம்பிக்கையின் அறம்: கணினி வலையமைப்புக்களின் பாதுகாப்பு எழுப்பும் ஒழுக்கவியல் வினா

ஒருவரை நம்பாதிருத்தல் அவருக்குச் செய்யும் அவமதிப்பு என்பது நம்மிடையே பொதுவாக நிலவும் எண்ணமாகும். வீட்டுக்கு வந்த உறவினர் காணும்படி அலுமாரியைப் பூட்டுபவரைப் பண்பற்றவர் என்போம். நெடுங்காலம் உடன் பணியாற்றிய ஒருவரின் பையைச் சோதிக்குமாறு பணிக்கும் மேலதிகாரியை அந்த அலுவலகம் எளிதில் மன்னிப்பதில்லை. ஆயின், பெரிய வங்கிகள், மருத்துவமனைகள், கப்பற் கம்பனிகள், அரச திணைக்களங்கள் முதலியவற்றின் கணினி வலையமைப்புக்களை இன்று வடிவமைப்போர் கைக்கொள்ளும் முதல் விதி, எவரையும் முன்கூட்டியே நம்பலாகாது என்பதாகும். வெளியாரைப் போன்றே உள்ளே இருப்போரையும் நம்பலாகாது. எழுதுவினைஞரைப் போன்றே பணிப்பாளரையும் நம்பலாகாது. ஒரு கணினி தன் அருகிலுள்ள மற்றொரு கணினியைக்கூட நம்பலாகாது என்று அவ்விதி விரியும்.

அன்றாட வாழ்வில் குற்றமெனக் கருதப்படும் ஒன்று ஒரு துறையில் கடமையெனப் போதிக்கப்படுமாயின், அவ்விரண்டில் ஒன்று பிழையாதல் வேண்டும். அன்றேல் அவை வெவ்வேறு பொருள்களைப் பற்றியனவாதல் வேண்டும். இவற்றுள் எது உண்மை என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். இது பொறியியற் பீடத்தாருக்கு உரிய விடயம் எனக் கலைப்பீடத்தார் ஒதுக்கிவிடுதல் கூடும். ஆனால் யார் எங்கே நுழையலாம், யார் எதனை அறியலாம், கேடு விளைந்தால் யார் பொறுப்பு என்பன அரசியல் மெய்யியலின் பழைய வினாக்களே. அவற்றுக்கான விடைகள் இன்று சட்டப் புத்தகங்களில் மட்டுமன்றி வலையமைப்பின் வரைபடங்களிலும் எழுதப்படுகின்றன. அவ்வரைபடங்களை வாசிக்கத் தெரியாதவரும் அவ்விடைகளுக்குக் கட்டுப்பட்டே வாழ்கின்றனர்.

கோட்டையும் அறைகளும்

தொடக்ககால வலையமைப்புக்களின் பாதுகாப்பு ஒரு கோட்டையின் பாதுகாப்பை ஒத்திருந்தது. நிறுவனத்துக்கும் வெளியுலகுக்கும் இடையே தீச்சுவர் எனப்படும் காவல் வாயில் ஒன்று இருக்கும். அதனைக் கடக்க முயல்வோர் சோதிக்கப்படுவர். கடந்தபின் அவர்களைக் கேட்பார் இல்லை. உள்ளேயிருக்கும் எந்த மேசைக் கணினியிலிருந்தும் கணக்குப் பகுதிக்கும், ஆளணிப் பதிவுகளுக்கும், களஞ்சியப் பட்டியல்களுக்கும் ஏறத்தாழத் தடையின்றிச் செல்லலாம். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த வில்லியம் செஸ்விக் என்பார் 1990ஆம் ஆண்டிலேயே இத்தகைய அமைப்பை, ஓடு கடினமாகவும் உள்ளீடு மென்மையாகவும் உள்ள ஓர் இனிப்புப் பண்டத்துக்கு ஒப்பிட்டார். ஓட்டை உடைத்தவனுக்கு உள்ளீடு முழுவதும் உரியதாகிவிடும் என்பது அவ்வொப்பீட்டின் கருத்து.

இதற்கு மாற்றாக வளர்ந்ததே அலகுமுறைப் பாதுகாப்பு அமைப்பாகும். வலையமைப்பை ஒரே பரப்பாகக் கொள்ளாது, செய்யும் தொழிலுக்கேற்ப அதனைச் சிறு அலகுகளாகப் பிரித்து, ஒவ்வோர் அலகின் எல்லையிலும் தனித்தனிக் காவலை நிறுத்துதல் இதன் அடிப்படை. 2000ஆம் ஆண்டில் சிஸ்கோ நிறுவனம் பெருநிறுவன வலையமைப்புக்களுக்கென வெளியிட்ட 'சேஃப்' என்னும் மாதிரித் திட்டம் இம்முறைக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. அது வலையமைப்பை உள்வளாகம், விளிம்பு எனப் பகுத்து, அவற்றினுள்ளே சேவையகங்கள், பயனர் கணினிகள், முகாமைத்துவம், இணைய வாயில், இணைய வாணிபம், தொலைவிலிருந்து இணைவோர் என மேலும் அலகுகளை வகுத்தது. ஒரு காவல் தோற்பதனால் முழு அமைப்பும் தோற்றல் ஆகாது என்பதே அத்திட்டத்தின் எடுகோள். அதாவது, காவல் ஒருநாள் தோற்கும் என்பதை அது முன்னரே ஒப்புக்கொள்கிறது.

இவ்வெண்ணத்தின் வேர்கள் பழையன. சிக்கலான அமைப்புக்கள் நிலைத்து நிற்பதற்கு அவை பாதி சுதந்திரமான சிறு பகுதிகளாலானமையே காரணம் என்பதை, இரு கடிகாரத் தொழிலாளர் பற்றிய உவமைக் கதை ஒன்றினால் ஹேர்பேட் சைமன் 1962இல் விளக்கினார். ஒருவர் கடிகாரத்தின் உறுப்புக்கள் யாவற்றையும் தொடர்ந்து பொருத்துவார். இடையில் அழைப்பு வந்து கையை எடுத்தால் யாவும் சிதறும். மற்றவர் பத்துப் பத்தாகச் சிறு பகுதிகளைச் செய்து பின் இணைப்பார்; இடையூறு வந்தால் ஒரு பகுதி மட்டுமே சிதறும். ஒரு மென்பொருளை எவ்வாறு அலகுகளாகப் பிரித்தல் வேண்டும் என்பதை 1972இல் டேவிட் பார்னஸ் ஆராய்ந்தார். ஒவ்வோர் அலகும் தன் உள்விபரங்களை ஏனையவற்றிடமிருந்து மறைத்தல் வேண்டும் என்பது அவர் கண்ட நெறி. 1975இல் ஜெரோம் சால்ற்சர், மைக்கல் சுரோடர் ஆகிய இருவரும், ஒவ்வொரு பயனருக்கும் ஒவ்வொரு நிரலுக்கும் அதனதன் தொழிலுக்கு இன்றியமையாத அனுமதியை மட்டுமே வழங்குக என்னும் குறைந்தபட்ச அதிகார நெறியை வகுத்துரைத்தனர். 2010ஆம் ஆண்டளவில் ஜோன் கிண்டவாக் என்பார் 'சுழிய நம்பிக்கை' என்னும் பெயரைப் பரப்பினார். 2020 ஓகஸ்டில் அமெரிக்கத் தேசிய நியமங்கள் நிறுவனம் அதனை ஒரு வழிகாட்டி நூலாகவே வெளியிட்டது.

நமக்குப் பழக்கமான இடமொன்றில் வைத்து இதனை நோக்கலாம். ஒரு பல்கலைக்கழகத்தில் பரீட்சைப் பெறுபேறுகள், நிதியாளர் அலுவலகம், நூலகம், மாணவர் விடுதி, விரிவுரை மண்டபங்கள் யாவும் ஒரே வலையமைப்பில் இணைந்துள்ளன எனக் கொள்வோம். கோட்டை முறையில், நூலகத்துக் கணினியில் நுழைந்துவிட்ட ஒருவன் பெறுபேற்றுப் பதிவேட்டையும் எட்டிவிடலாம். அலகு முறையில், நூலகத்தில் நுழைந்தவனுக்கு நூலகமே எல்லை. பெறுபேறுகளைத் திருத்தும் அனுமதி பரீட்சைப் பகுதியினருள்ளும் சிலருக்கு, சில நாட்களுக்கு மட்டுமே இருக்கும். துணைவேந்தரின் கடவுச்சொல்லும் அப்பதிவேட்டைத் திருத்த உதவாது; ஏனெனில் பெறுபேறுகளைத் திருத்துதல் துணைவேந்தரின் தொழிலன்று.

நம்பிக்கை யாருக்கு வழங்கப்பட்டது?

இவ்வளவு ஐயம் தேவைதானா என்னும் வினாவுக்கு அண்மைக்கால நிகழ்ச்சிகள் இரண்டு விடை தருகின்றன.

2013ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் டார்கெட் என்னும் பெருங்கடைத் தொடரிலிருந்து ஏறத்தாழ 4 கோடி வாடிக்கையாளரின் கடனட்டை, வரவட்டை விபரங்கள் களவாடப்பட்டன. கள்வர் நுழைந்த வழி, அந்நிறுவனத்துக்குக் குளிரூட்டி வேலைகளைச் செய்து வந்த ஒரு சிறிய ஒப்பந்தக் கம்பனிக்கு வழங்கப்பட்டிருந்த கடவுச்சொல்லாகும். அந்த ஒப்பந்தக்காரர் தம் பற்றுச்சீட்டுக்களை அனுப்புவதற்கென இணைக்கப்பட்டிருந்தார். அவ்விணைப்பிலிருந்து காசாளரின் இயந்திரங்கள்வரை ஊடுருவ வழி இருந்தது.

2017 யூன் 27ஆந் திகதி, உக்ரேனில் வரிக்கணக்குகளைச் சமர்ப்பிப்பதற்குப் பரவலாகப் பயன்பட்ட எம். ஈ. டொக் என்னும் மென்பொருளின் இற்றைப்படுத்தல் வழியாக, பின்னர் 'நொட்பெற்யா' எனப் பெயர்பெற்ற அழிவுநிரல் பரவியது. அக்காலத்தில் உலகின் மிகப் பெரிய கொள்கலன் கப்பற் கம்பனியாக விளங்கிய டென்மார்க்கின் மேர்ஸ்க் நிறுவனத்துக்கு ஒடேசா நகரில் ஓர் அலுவலகம் இருந்தது. அங்கே ஒரு கணினியில் அம்மென்பொருள் நிறுவப்பட்டிருந்தது. அது போதுமாயிற்று. சில மணி நேரத்தில் உலகெங்கும் அந்நிறுவனத்தின் கணினிகள் செயலிழந்தன. துறைமுக வாயில்களில் பாரவூர்திகள் வரிசையாக நின்றன. 4,000 சேவையகங்களையும் 45,000 கணினிகளையும் பத்து நாட்களில் மீள நிறுவ வேண்டியிருந்தது என அதன் தலைவர் 2018இல் தெரிவித்தார். இழப்பு 25 கோடி முதல் 30 கோடி அமெரிக்க டொலர்வரை எனக் கம்பனி மதிப்பிட்டது.

இந்நிகழ்ச்சியை விரிவாக ஆராய்ந்து 2018இல் எழுதிய பத்திரிகையாளர் அண்டி கிறீன்பேர்க் ஒரு செய்தியைத் தருகின்றார். பயனர் விபரங்களையும் அனுமதிகளையும் தாங்கியிருந்த ஏறத்தாழ 150 சேவையகங்கள், ஒன்றன் பிரதியை மற்றொன்று வைத்திருக்கும் வகையில் அமைந்திருந்தன. ஒன்று கெட்டால் மற்றொன்று உதவும் என்பது கருத்து. ஆனால் யாவும் ஒரே நாளில் அழிந்தன. மேற்கு ஆபிரிக்காவின் கானாவில் இருந்த ஒன்று மட்டும் தப்பியது. தாக்குதலுக்கு முன் அங்கு ஏற்பட்ட மின்தடையினால் அது வலையமைப்பிலிருந்து அறுந்து கிடந்தமையே காரணம். வடிவமைப்பாளர் இடாத எல்லையை ஒரு மின்வெட்டு இட்டது எனலாம்.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் ஒழுக்கவியல் மாணவன் நோக்க வேண்டியது கள்வனின் திறமையை அன்று. நம்பிக்கை வழங்கப்பட்ட முறையையே. குளிரூட்டி திருத்துபவரை நான்கு கோடி மக்களின் அட்டை விபரங்களுக்குக் காவலராக நியமிப்போம் என்று எவரும் எக்கூட்டத்திலும் தீர்மானித்ததில்லை. உக்ரேனிய வரி மென்பொருளைச் செய்தோரின் கையில் தமது முழு வணிகத்தையும் ஒப்படைப்போம் என்று மேர்ஸ்க் நிறுவனத்தாரும் தீர்மானித்ததில்லை. ஆயினும் வலையமைப்பின் உருவம் அத்தீர்மானத்தை அவர்கள் சார்பில் செய்துவிட்டது. பிரிவுகளற்ற வலையமைப்பில் ஒருவருக்குச் சிறிய காரியம் ஒன்றுக்காக வழங்கிய நம்பிக்கை, கேட்பாரின்றி எல்லாக் காரியங்களுக்கும் பரவுகிறது. அதனை நம்பிக்கை என்றழைப்பதே பொருந்தாது. யார்மீது, எதற்காக, எவ்வளவு என்று எண்ணாது விடப்பட்ட ஒன்று கவனக்குறைவு எனப்படுமேயன்றி நற்பண்பு எனப்படாது.

ஐயுறுதல் அவமதிப்பாகுமா?

இங்கு எழும் முதல் மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. ஒழுங்காகப் பணிபுரியும் ஒருவரை ஒவ்வொரு வாயிலிலும் நிறுத்தி, நீர் யார் என்று கேட்கும் அமைப்பு அவரை ஐயத்துக்குரியவராகவே நடத்துகின்றது. நம்பிக்கையைப் பெறாதவர் நம்பிக்கைக்குரியவராக வளரவும் மாட்டார். 2002ஆம் ஆண்டின் ரீத் விரிவுரைகளில் ஒனோரா ஓநீல் சுட்டிக்காட்டியதும் இத்தகையதோர் ஆபத்தையே. பொறுப்புக் கூறலின் பெயரால் பெருகும் கண்காணிப்பு, தொழில்வல்லாரின் நேர்மையை வளர்ப்பதற்குப் பதிலாக அதனை அரித்துவிடக்கூடும் என்பது அவர் கருத்து.

இம்மறுப்புக்கு மெய்யியலில் பழைய விடையொன்று உண்டு. பாராளுமன்றத்தின் சுதந்திரம் பற்றி 1741இல் எழுதிய டேவிட் ஹியூம், ஆட்சி அமைப்பை வகுப்போர் மனிதர் யாவரையும் தன்னலம் ஒன்றையே கருதும் கயவராகக் கொண்டு வகுத்தல் வேண்டும் என்றார். மனிதர் யாவரும் கயவர் என்பது மெய்யன்று என்பதை அவரும் அறிவார். எனினும் அரசியலில் அவ்வெடுகோள் தேவை என்றார். இவ்விடை வலுவுடையதாயினும் முழுமையுடையதன்று. ஒருவரைக் கயவர் எனக் கொள்ளுதல் வெறும் எடுகோளே எனக் கூறினாலும், அவ்வெடுகோளின் கீழ் நாடோறும் வாழ்பவரின் மனத்தில் அது எடுகோளாக மட்டும் தங்குவதில்லை.

எனது கருத்தில், இவ்வமைப்பை நியாயப்படுத்துவதற்குக் கயமையை எடுகோளாகக் கொள்ளவேண்டியதே இல்லை. மனிதர் தவறக்கூடியவர் என்பது போதும். ஒடேசாவில் அம்மென்பொருளைப் பயன்படுத்தியவர் எக்குற்றமும் செய்தவரல்லர். வரிக் கணக்கைச் சமர்ப்பிக்க வேண்டிய தம் கடமையையே செய்தார். குளிரூட்டி ஒப்பந்தக்காரரும் கள்வருக்கு உதவ எண்ணியவரல்லர். களைப்புற்ற ஓர் எழுதுவினைஞர் மாலை நான்கு மணிக்கு வஞ்சக மின்னஞ்சலொன்றைத் திறந்துவிடுதல் மனித இயல்பு. அச்சிறு தவறு அவருடைய மேசையோடு நின்றுவிடுமா, ஒரு நிறுவனத்தையே அழிக்குமா என்பது அவருடைய குணத்தைப் பொறுத்ததன்று. அவர் அமர்ந்திருக்கும் வலையமைப்பின் உருவத்தைப் பொறுத்தது. பிரிவுகளற்ற வலையமைப்பு, எந்த மனிதரும் தாங்க முடியாத பாரத்தைக் கடைநிலைப் பணியாளரின் தலையில் அவர் அறியாமலே ஏற்றிவைக்கிறது. கேடு நிகழ்ந்தபின், திறந்தவர் யார் என்று தேடி அவரையே பலியாக்குவதும் வழக்கம். அலகுமுறை அவர் செய்யக்கூடியதற்கு எல்லை இடும்போது, அவர்மீது சுமத்தக்கூடிய பழிக்கும் எல்லை இடுகிறது. அதிகாரத்தின் வரம்பு பாரத்தின் வரம்பும் ஆகும். இந்நோக்கில் அது பணியாளரை அவமதிப்பதற்கு மாறாக, அவரைக் காப்பதாகிறது.

நம்பிக்கை பற்றித் தமிழில் ஆழ்ந்து சிந்தித்த இடங்களுள் ஒன்று திருக்குறளின் தெரிந்துதெளிதல் அதிகாரம். ஆராயாது நம்புதலையும், ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுதலையும் ஒருசேரக் கேடெனக் கண்டது அது. சுழிய நம்பிக்கை முறையோ, நேற்று ஏற்றுக்கொண்டவரை இன்றும் மறுபடி சோதிக்கிறது. ஆகவே இரண்டாவது கேட்டினை இது செய்கிறதன்றோ என வினவலாம். ஆயின் ஒரு வேறுபாட்டை மனங்கொள்ள வேண்டும். வள்ளுவர் கருதிய அரசன் தன் முன்னே நிற்கும் மனிதனை அறிவான்; அவனுடைய முகத்தையும் குரலையும் பிறர் களவாட முடியாது. வலையமைப்பு மனிதனை அறிவதில்லை. அவனுடைய கடவுச்சொல்லை மட்டுமே அறியும். அதனைக் களவாடியவன் அதே பெயருடனும் அதே உரிமைகளுடனும் வாயிலில் வந்து நிற்பான். ஆகவே அங்கே மீண்டும் மீண்டும் கேட்கப்படுவது, நீ நல்லவனா என்னும் கேள்வியன்று. நீ நீதானா என்னும் கேள்வியாகும். முன்னையது தெளிந்தான்கண் ஐயுறவு. பின்னையது தெளிந்தவனின் பெயரைப் பிறர் திருடாதபடி காத்தல். கட்டுரையின் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இங்கே ஒரு பகுதி விடை கிடைக்கிறது. அன்றாட ஒழுக்கம் கண்டிப்பது குணத்தைப் பற்றிய ஐயத்தை. வலையமைப்பின் விதி வேண்டுவதோ அடையாளத்தைப் பற்றிய சோதனையையும் அதிகாரத்தின் அளவையும்.

மேற்தளம்வரை உயராத சுவர்கள்

ஆனால் இது பகுதி விடை மட்டுமே. மேற்கூறிய நியாயம், எல்லைகள் எல்லோருக்கும் இடப்படும்போதே பொருந்தும். நடைமுறையில், ஐயம் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. எழுதுவினைஞரின் ஒவ்வோர் அசைவும் பதியப்படும். அப்பதிவேடுகளை வாசிப்போரின் அசைவுகள் பதியப்படுவதில்லை. எல்லா அலகுகளின் திறவுகோல்களையும் ஒருங்கே வைத்திருக்கும் முகாமைத்துவ அலகு ஒன்று எங்கோ இருக்கும். பெந்தாம் 1791இல் வெளியிட்ட சிறைக்கூடத் திட்டத்தில் கைதிகளின் அறைகள் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டிருந்தன. நடுவிலிருந்த காவற் கோபுரத்திலிருந்து அவை யாவும் தெரியும். கோபுரத்தில் இருப்பவனைக் கைதிகள் காண்பதற்கில்லை. அறைகளாகப் பிரித்தல் மட்டுமே நீதியாகிவிடாது என்பதற்கு அது சான்று.

டைற்றானிக் கப்பலும் அலகுமுறையில் கட்டப்பட்டதேயாகும். அதன் அடிப்பகுதி குறுக்குச் சுவர்களால் 16 நீர்புகா அறைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. முன்னுள்ள நான்கு அறைகளில் நீர் புகுந்தாலும் கப்பல் மிதக்கும். 1912 ஏப்ரலில் பனிப்பாறை அதற்கு மேலும் அறைகளைத் திறந்துவிட்டது. அச்சுவர்கள் மேற்தளம்வரை உயர்த்தப்பட்டிருக்கவில்லை. ஆதலால் முன்பக்கம் தாழ்ந்தபோது, நீர் ஒரு சுவரின் தலைக்கு மேலாக வழிந்து அடுத்த அறையை நிரப்பியது. அங்கிருந்து அதற்கடுத்ததை நிரப்பியது. ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர். கீழ்த்தளத்தில் மட்டும் பிரிவுகளையுடைய நிறுவனங்களுக்கும் இதுவே நிலை. 2013இல் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகவரகத்தின் இரகசிய ஆவணங்களை எட்வேட் ஸ்னோடன் வெளியிட்டார். அவர் செய்தது துரோகமா, பொதுப்பணியா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எப்பக்கம் நின்று நோக்கினும் ஓர் உண்மை எஞ்சும்: உலகையே கண்காணித்த அந்நிறுவனம், தன் அமைப்பு நிருவாகிகளுக்கு எல்லை இட மறந்திருந்தது. அந்நிகழ்வுக்குப் பின்னரே, முக்கிய செயல்களுக்கு இருவர் உடன்படல் வேண்டும் என்னும் விதியை அங்கு கொண்டுவரப்போவதாக அதன் பணிப்பாளர் அறிவித்தார். அதிகாரம் அதிகாரத்தைத் தடுக்குமாறு அமைத்தல் வேண்டும் என 1748இல் மொன்தெஸ்கியூ அரசுகளுக்குக் கூறியது, சேவையகங்கள் வைக்கப்பட்டுள்ள அறைக்கும் பொருந்துகின்றது.

பிரிக்கலாகாத ஒன்று

மூன்றாவது மறுப்பே மிக வலியது என எண்ணுகிறேன். அலகுகள் தம் உள்விபரங்களை ஒன்றிடமிருந்து ஒன்று மறைத்தல் பொறியியலில் நன்மை. அடுத்த அலகினுள் நிகழ்வதை நான் அறியத் தேவையில்லை என்பது அங்கே சிறப்பு. ஆனால் அதே வாக்கியத்தை ஒரு மனிதர் சொல்லும்போது, அது பொறுப்பிலிருந்து நழுவும் வாக்கியமாகிவிடும். என் வாயிலை நான் காத்தேன் என்று ஒவ்வொருவரும் உண்மையாகவே கூறக்கூடிய நிறுவனத்தில், வாயில்களுக்கு இடைப்பட்ட வெளிக்கு உரியவர் எவருமிலர்.

டார்கெட் நிறுவனத்தின் தானியங்கிக் கருவிகள் ஊடுருவலின்போது பலமுறை எச்சரித்தும் உரிய நடவடிக்கை எடுக்கப்படவில்லை என, 2014 மார்ச்சில் அமெரிக்க செனற் சபைக் குழுவொன்றின் அறிக்கை குறிப்பிட்டது. கண்ணும் இருந்தது, காட்சியும் தெரிந்தது. கண்டதைத் தமதெனக் கொள்வோர் இல்லை. மேர்ஸ்க் நிறுவனத்திலோ, வலையமைப்பைப் பிரிக்கும் சீர்திருத்தம் தாக்குதலுக்கு முன்னரே அங்கீகரிக்கப்பட்டு நிதியும் ஒதுக்கப்பட்டிருந்தது என்கிறார் கிறீன்பேர்க். ஆனால் அதன் நிறைவேற்றம் உயர் அதிகாரிகளின் செயற்றிறன் அளவுகோல்களில் சேர்க்கப்படவில்லை. எனவே அவர்களின் ஊக்கக் கொடுப்பனவுக்கு அது உதவவில்லை. சீர்திருத்தமும் முன்னேறவில்லை. அங்கே குறைவுபட்டது அறிவோ பணமோ அன்று.

நம் நாட்டுக்கும் இப்பாடம் புறம்பானதன்று. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மேகக் கணிமைச் சேவையிலிருந்த மின்னஞ்சல்கள் கப்பம் கோரும் நிரலொன்றினால் தாக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களை மீட்க இயலாது போயிற்று. அக்காலப்பகுதிக்கு, வலையமைப்பிலிருந்து பிரித்து வைக்கப்பட்ட காப்புப் பிரதி இருக்கவில்லை. மூலமும் பிரதியும் ஒரே அறையில் இருத்தல், திறவுகோலைப் பூட்டிலேயே தொங்கவிடுதலை ஒக்கும். ஒரு திணைக்களத்துக்கு அந்த மூன்று மாதங்களில் விண்ணப்பம் எழுதி விடைக்குக் காத்திருக்கும் குடிமகன் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். வலையமைப்பின் வரைபடத்தில் அவருக்கு இடமில்லை. எந்த அலகின் காவலரும் அவருக்குப் பதில் கூறக் கடமைப்பட்டவரல்லர். ஆனால் இவ்வமைப்பு முழுவதும் இருப்பது அவர் பொருட்டேயாகும். அதிகாரத்தைப் பிரிக்கலாம், அறிவையும் பிரிக்கலாம். அவருக்குப் பதில் கூறும் பொறுப்பை மட்டும் அலகுகளாகப் பிரித்தல் ஆகாது. பிரித்தால் அது குறைவதில்லை, மறைந்தே போகிறது.

எஞ்சும் நம்பிக்கை

சுழிய நம்பிக்கை என்னும் பெயரைப் பற்றி ஒன்று கூறுதல் வேண்டும். யுனிக்ஸ் இயக்கு முறைமையை உருவாக்கியோருள் ஒருவராகிய கென் தொம்சன், 1984இல் வெளிவந்த தமது ரியூரிங் விருதுரையில் ஓர் உண்மையை நிறுவினார். ஒரு நிரலின் மூல எழுத்துக்களை வரிவரியாக வாசித்தாலும் அதனை முற்றாக நம்ப முடியாது. அவ்வெழுத்துக்களை இயந்திர மொழிக்கு மாற்றும் நிரலிலேயே வஞ்சனையை ஒளித்துவைக்கலாம். அதனைச் சோதிக்க மற்றொரு கருவி வேண்டும்; அக்கருவியைச் சோதிக்க இன்னொன்று. இச்சங்கிலி எங்கோ ஓரிடத்தில், அதனை எழுதிய மனிதர்மீது கொள்ளும் நம்பிக்கையிலேயே முடிகின்றது. 2020 டிசெம்பரில் வெளிப்பட்ட சோலர்விண்ட்ஸ் நிகழ்ச்சி இதனை மெய்ப்பித்தது. வலையமைப்புக்களை மேற்பார்வை செய்யவென வாங்கிய மென்பொருளின் இற்றைப்படுத்தலிலேயே வஞ்சநிரல் கலந்திருந்தது. ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர் அதனை நம்பி ஏற்றிருந்தனர். ஆதலின், நம்பிக்கையை முற்றாக ஒழித்த அமைப்பு என ஒன்று இல்லை. நல்ல அமைப்பு செய்வதெல்லாம், நம்பிக்கையை அளவுடையதாக, காரணமுடையதாக, மீளப்பெறத்தக்கதாக ஆக்குவதே.

இதுவரை கூறியவற்றால் பெறப்படும் முடிபு யாதெனின், நம்பாமையை நெறியாகக் கொண்ட ஓர் அமைப்பு மூன்று நிபந்தனைகளுக்கு உட்பட்டே அறத்தோடு பொருந்தும். முதலாவதாக, எல்லைகள் கீழிருந்து மேற்தளம்வரை உயர்தல் வேண்டும். பிறரைச் சோதிப்பவரும் சோதனைக்கு உட்படல் வேண்டும். இரண்டாவதாக, ஒருவருக்கு இடப்படும் எல்லை அவர் செய்யும் தொழிலிலிருந்து பிறத்தல் வேண்டும். அவருடைய பதவிச் சிறுமையிலிருந்தோ, இனம், மதம், ஊர் என்பவற்றிலிருந்தோ பிறத்தலாகாது. அவ்வெல்லையும் அதன் காரணமும் அவருக்கு வெளிப்படையாகக் கூறப்படல் வேண்டும். மூன்றாவதாக, அலகுகள் எத்தனையாயினும் முழுமைக்குப் பொறுப்பான ஒருவர், பெயர் சொல்லத்தக்க ஒருவர், இருத்தல் வேண்டும். இம்மூன்றும் உள்ளவிடத்து அந்நம்பாமை நீதியின் ஒரு வடிவம். இல்லாதவிடத்து அது வலியோர் மெலியோர்மீது கொள்ளும் பழைய ஐயத்துக்குக் கணினி அளித்த புதுப்பெயர்.

கலைப்பீடத்திலிருந்து வெளியேறும் நம்மிற் பலர் நாளை திணைக்களங்களிலும் வங்கிகளிலும் கல்வி அலுவலகங்களிலும் நிருவாகிகளாக அமர்வோம். அங்கே பாதுகாப்பு அமைப்பொன்றின் வரைபடம் ஒப்பத்துக்காக நம் மேசைக்கு வரும். தொழினுட்பம் நமக்கு விளங்காது என்று கூறி ஒப்பமிட்டு அனுப்புதல் எளிது. அவ்வரைபடத்தில் உச்சியில் இருப்பவரின் வாயிலைக் காப்பது யார், கடைநிலைப் பணியாளரின் தவறு எவ்வளவு தூரம் பரவும், கேடு நிகழ்ந்தால் பொதுமகனுக்குப் பதில் கூறுபவர் யார் என்னும் மூன்று வினாக்களைக் கேட்பதற்குப் பொறியியல் அறிவு தேவையில்லை. அவற்றுக்கு விடை கிடைக்கும்வரை பேனாவைத் திறவாதிருக்கும் துணிவு தேவை.